பெஞ்சு டூட்டி

செங்கரடு ஜங்ஷனில் கடைசி நீராவி எஞ்சினுக்கு மாலை போட்டு வழியனுப்பிய அடுத்த வருடம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரத்தில், மேலதிகாரிகள் எங்கேயோ உட்கார்ந்து என்னவோ யோசித்து அனுப்பிய ஒரு சுற்றறிக்கை எங்கள் ரயில்வே உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பீரியட், ரயில்வே காலனிகளில் முன்பு ஜனங்கள் ஆடிய ஆட்டங்களை வரலாற்றோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், பரீட்சையும் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கூடவே காலடித் தடங்கள் அச்சடித்த பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றும் நான்கு கேசட்டுகளும் வந்தன. பி.டி. மாஸ்டர் புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, "இதுல விளையாட்டுன்னு ஒரு எடத்துலயும் இல்ல சார், வரலாறுன்னு ஆறு எடத்துல இருக்கு," என்று தலைமையாசிரியர் சபாபதி சாரின் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படித்தான் அந்தப் பாடம், பஸ் பிடிக்கக்கூட வாழ்க்கையில் ஓடியிராத எங்கள் வரலாற்று ஆசிரியை சௌந்தரவல்லி டீச்சர் தலையில் வந்து விழுந்தது.

டீச்சர் பானிபட் போரை எப்படி நடத்துவாரோ அப்படியேதான் வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனத்தையும் நடத்தினார். முதலில் காலம், பிறகு காரணங்கள், பிறகு விளைவுகள், கடைசியாகக் கால்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த பழைய இன்ஸ்டிட்யூட் ஹாலில், டிரைவர்களும் கார்டுகளும் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் விடிய விடிய ஆடிய தேக்குத் தரையில், நீலச் சாக்பீஸில் இடது காலும் சிவப்புச் சாக்பீஸில் வலது காலும் வரைந்து, கையில் பிரம்போடு நடுவில் நின்றுகொண்டு, "நீலம், சிவப்பு, சேர், நீலம், சிவப்பு, சேர், சேர்ன்னா சேரணும்டா, பாகிஸ்தான் பார்டர் மாதிரி நிக்காத," என்று அதட்டுவார். தான் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டார். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ஜைவ், ட்விஸ்ட் என்று நான்கையும் நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம், இன்றைக்கும் எந்தக் கல்யாண ரிசப்ஷனிலாவது ட்விஸ்ட் போட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஐந்து மதிப்பெண் கேள்விதான்.

ஆண் பிள்ளைகள் பதினாறு பேர், பெண் பிள்ளைகள் பதினேழு பேர். பையன் பையனோடும் பெண் பெண்ணோடும்தான் ஆட வேண்டும் என்று பெற்றோர்கள் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டதால், பையன்கள் எட்டு ஜோடியாகக் கச்சிதமாகப் பிரிந்துவிட்டார்கள். எங்களில் ஒருத்திக்கு ஜோடி கிடைக்காது என்பது அங்கேயே தெரிந்துபோனது, அந்த ஒருத்தி யார் என்பதும் தெரிந்துபோனது. டீச்சர் "ஜோடி சேருங்க" என்று வாயை மூடுவதற்குள், ஆறாம் வகுப்பிலிருந்து தவமணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த நான், வகுப்பு லீடர் வசுமதி, மூன்று பேரை இடித்துக்கொண்டு ஓடி ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தவமணி, தண்டவாளம் செப்பனிடுகிற கேங்மேன் ஒருவரின் மகள். அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். எல்லோருக்கும் வேர்க்கிற மாதிரி இல்லை, மார்கழி மாதத்திலும் சொட்டும். எழுதும்போது கைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்வாள், அப்படியும் பரீட்சைத் தாள் ஓரம் சுருண்டு, மை கலங்கி, திருத்துகிற டீச்சர்கள் வெயிலில் காயவைத்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். விளையாட்டில் வட்டம் கட்டும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் அவள் சட்டைக் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். யாரும் அவளைத் திட்டியதில்லை, கேலி செய்ததில்லை, ரொம்ப நல்ல பிள்ளை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல பிள்ளை, ஆனால் கையைப் பிடிக்க ஆளில்லை.

"நீ காத்தைப் பிடிச்சுக்கோ," என்றார் டீச்சர், அவளைப் பார்க்காமல், கேசட்டைத் தட்டிக்கொண்டே.

தவமணி புத்தகத்தில் இருந்தபடியே வலது கையை நீட்டி, இடது கையை இல்லாத ஒரு தோளின் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. காற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் யாரும் கத்தவில்லை, ஏனென்றால் நீலம் சிவப்பு எண்ணுவதில் எங்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. முதலில் கவனித்தவர் டீச்சர்தான், அதுவும் தவமணி ஒரு தடம்கூடப் பிசகாமல் ஆடுகிறாள் என்ற சந்தேகத்தினால்தான். அவள் காலுக்கு எதிரே வேறொரு காலின் அழுத்தத்தில் சாக்பீஸ் தடங்கள் பெரிய பூட்ஸ் அளவுக்கு இழுபட்டு அழிந்துகொண்டிருந்தன, தரை அவள் இருக்கிற இடத்தில் இரண்டு பேர் கனத்துக்குக் கிரீச்சிட்டது, திரும்புகிற திருப்பத்தில் அவள் பின்னல் தோளை விட்டு எழும்பி ஒரு முழுச் சுற்றுப் போய் வந்தது. பாட்டு முடிந்ததும் அவள் கையை விரித்துக் காட்டினாள். கேரம் போர்டில் தூவுகிற பவுடர் மாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது, கை உலர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உலர்ந்த தன் கையைத் தானே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

"பேரு கேட்டியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். மோதிரம் போட்டிருக்காங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமையும் காற்று வந்தது, அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. காலனியில் இதைப் பேய் என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை; மதியச் சாப்பாடு முடிந்து ஐந்தாம் பீரியட் மணி அடித்ததும் வந்து, மணி அடித்ததும் போய்விடுகிற பேயை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. லோகோ ஷெட்டில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய குமாஸ்தா ஒருவர்தான், யாரோ டூட்டி முடிந்து போகும்போது கையெழுத்துப் போட மறந்துவிட்டார், அதனால் டூட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று விளக்கம் சொன்னார். ரயில்வேக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சௌந்தரவல்லி டீச்சர் மட்டும், வகுப்பில் இருக்கிற ஒருவரை வருகையில் காட்டாமல் விட்டால் தப்பு என்று மனசு உறுத்தி, சபாபதி சாரிடம் போய் நின்றார்.

"இருக்காரா இல்லையா, அதச் சொல்லுங்க," என்றார் சார்.

"இருக்கார் சார். பேருதான் தெரியல."

"அப்ப பென்சில்ல போடுங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா அழிச்சுக்கலாம்."

பென்சிலில் போட்டார்கள். நடனப் பீரியட் முடிந்ததும் ஆளுக்கொரு பன் கொடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஏற்பாடு செய்திருந்தார்கள், கேன்டீன்காரர் தானாகவே முப்பத்து நான்கு பன் அனுப்ப ஆரம்பித்தார். மிஞ்சுகிற பன்னைத் தவமணிதான் சாப்பிடுவாள், அவருக்குப் பசிக்காது என்று சொல்லிவிட்டு. அவளுடைய அம்மா மட்டும் ஒரு நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"எம்பொண்ணு கையப் பிடிக்கிறது ஆம்பளையா பொம்பளையா டீச்சர்?"

"அது காத்தும்மா."

"காத்துன்னா, ஆம்பளக் காத்தா பொம்பளக் காத்தான்னு கேக்கறேன்."

டீச்சர் கொஞ்சம் யோசித்து, "வயசானவர் மாதிரிதான்மா தெரியுது. மோதிரம்லாம் போட்டிருக்கார். திரும்பறப்ப உங்க பொண்ணு தடுமாறிடக் கூடாதேன்னு ரொம்பக் கவனமா இருக்கார்," என்றார். அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று அன்றைய பீரியட் முழுக்கப் பார்த்தாள். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் தவமணிக்குப் புது ரிப்பன் கட்டி அனுப்பினாள்.

அந்த ஆள் யார் என்பதைக் கண்டுபிடித்தது ஹேசல் ஆன்ட்டி. காலனியில் மிச்சமிருந்த நாலைந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஹேசல் ஆன்ட்டிதான் ராணி. கேக் செய்து விற்பார். இளமையில் தன்னைக் கேட்டுப் பதினோரு பேர் வந்ததாகவும், இன்ஸ்டிட்யூட் நடனத்தில் ஒரு பாட்டுக்குக்கூடத் தான் உட்கார்ந்திருந்ததில்லை என்றும், பாதத்தைத் தரையில் வைக்கவே விட்டதில்லை என்றும் கேக் வாங்கப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புவார், அதைக் கேட்காமல் கேக் கைக்கு வராது. ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய் அவர் பூப்போட்ட கவுனும் குதிகால் செருப்புமாக வந்து, "லெண்ட் ஹிம் டு மீ, சைல்ட், ஒரே ஒரு ரவுண்ட்," என்று தவமணியிடம் கேட்டார். தவமணி நடுவில் நிறுத்தி, காற்றின் கையை அவரிடம் கொடுத்தாள். ஆன்ட்டி அவள் விரலில் படாமல் வாங்கிக்கொண்டார்.

மூன்று திருப்பம்தான் ஆடியிருப்பார். நாலாவது திருப்பத்துக்கு முன்னால் நின்று, சுவரோரமாகக் கிடந்த நீள பெஞ்சைப் பார்த்தார், பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"திரும்பறதுக்கு முன்ன கட்டைவிரலால ரெண்டு தடவ அமுக்குறான் மேன். இது கிளாரன்ஸ். கூட்ஸ் கார்டு கிளாரன்ஸ். பெஞ்சு டூட்டி கிளாரன்ஸ்!"

பெஞ்சு டூட்டி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. ஜன்னலில் நின்ற பெரியவர்களுக்குத் தெரிந்தது, அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் வேறெங்கோ பார்த்தார்கள். பிறகு டீச்சர்தான் விசாரித்து வந்து, ஒரு முழு பீரியடை ஒதுக்கி, கரும்பலகையில் தலைப்பு எழுதி, அடிக்கோடிட்டு நடத்தினார். இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வழக்கம் இருந்ததாம். ஒவ்வொரு நடனத்துக்கும் கமிட்டி ஒரு ஆளை நியமித்து, சட்டையில் வெள்ளை ரிப்பன் குத்திவிடும். பிடித்த பெண்ணைக் கேட்டு ஆட அவருக்கு உரிமை கிடையாது. சுவரோரப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், யாராவது ஒருத்தி ஒரு பாட்டு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தால், இரண்டாவது பாட்டுக்கு அவர் போய்க் கேட்க வேண்டும். யாரும் மாட்டேனென்கிற அந்த வேலையைக் கிளாரன்ஸ் பதினேழு வருடம் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். கூட்ஸ் வண்டியில் நாலு நாள் போய்விட்டு வந்தாலும் குளித்து, கையில் பவுடர் தட்டி, வந்து நின்றுவிடுவாராம். பிறகு அவர் ஆஸ்திரேலியா போனார் என்று சிலரும், காட்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விபத்தில் போனார் என்று சிலரும் சொன்னார்கள்.

"பாவப்பட்டு வந்து கேக்கற மாதிரியே இருக்காது," என்றார் ஹேசல் ஆன்ட்டி. பதினோரு பேர் கதையை அன்றோடு விட்டுவிட்டார். "அவன் வந்து கையை நீட்டுற விதத்துல, நாமதான் அவனைக் காக்க வெச்சுட்டோம்னு தோணும். நான் எத்தன கிறிஸ்மஸ் அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன் தெரியுமா மேன்? பல்லு எடுப்பா இருந்தது எனக்கு அப்போ."

அதற்குப் பிறகு காலனியில் ஒரு பெரிய பொய்மூட்டை அவிழ்ந்தது. இவர் மட்டுமா உட்கார்ந்திருந்தார், அவரும் உட்கார்ந்திருந்தார், இவருக்கு அக்காவும் உட்கார்ந்திருந்தார் என்று ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நடனத்துக்கே போயிராத நம் ஆட்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பதவி உயர்வில் நான்கு முறை தாண்டிவிடப்பட்ட ஷண்டிங் போர்ட்டர் ஒருவர் வந்தார், நிச்சயம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வராமல் போன டெலிபோன் ஆபரேட்டர் அக்கா வந்தார், அண்ணன் தம்பிகள் ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டுப் போகிற ஒரு சித்தப்பா வந்தார். வகுப்பு தொடங்குமுன் முதல் பாட்டு வெளியாருக்கு என்று சபாபதி சார் ஒழுங்கு செய்தார். ஒருவருக்கும் நீலம் சிவப்பு தெரியாது, ஆனாலும் நன்றாக ஆடினார்கள். ஆடிவிட்டுப் போகிறபோது வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறாமலே வெகுதூரம் நடந்து போவார்கள், நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வருடத்து மழைக்காலம் மாதிரி ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவில்லை. ஹால் முழுக்கப் பவுடர் வாசம், வெளியே நனைந்த நிலக்கரிச் சாம்பலின் வாசம், கேசட்டில் கரகரவென்று ஒரு கிளாரினெட், டீச்சரின் பிரம்பு, பன்னில் ஒட்டியிருக்கிற சர்க்கரை. எதையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமென்று அப்போது தெரியவில்லை.

தவமணிக்கு அது நல்ல காலம். காற்றை யார் வாங்குவதாக இருந்தாலும் அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டும், அதனால் சந்தைக்குப் போனால் பெரியவர்கள் அவளை நிறுத்தி நலம் விசாரித்தார்கள். அவள் நிமிர்ந்து நடக்கப் பழகியிருந்தாள். மற்ற ஆறு நாளும் கை எப்போதும்போலச் சொட்டியது, கைக்குட்டை மடிப்பும் இருந்தது, நாங்களும் எப்போதும்போலச் சட்டைக் கையைத்தான் பிடித்தோம். ஆனால் செவ்வாய் என்று ஒன்று வாரத்தில் இருந்தது அவளுக்கு, அதை நம்பி அவள் மற்ற ஆறையும் கடத்தினாள்.

கார்த்திகையில், செங்கோட்டையிலிருந்து மாற்றலாகி வந்த பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் தன் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தார். லில்லிபுஷ்பம் என்று பெயர். எண்ணெய் வழித்துச் சீவிய தலை, பழைய பள்ளிச் சீருடை, கையில் துணிப் பை. ஒரு குறையும் சொல்ல முடியாத பிள்ளை. அவள் பெயரைச் சேர்த்தால் பெண்கள் பதினெட்டு ஆகிவிடுவோம், தவமணிக்கு ஜோடி வந்துவிடும், கிளாரன்ஸுக்கு வேலை இருக்காது என்பது ஒன்றுதான் குறை.

சபாபதி சார் மாற்றுச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை சரியாக விழவில்லை, பழைய பள்ளியிலிருந்து புதிதாக வாங்கி வர வேண்டும், அதுவரை வகுப்பில் சும்மா உட்காரலாம், பெயர் எழுத முடியாது என்றார். இதை அவராக யோசித்ததாக நான் நினைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஹேசல் ஆன்ட்டி தலைமையில் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டுக்கு ஒரு பிளம் கேக்கோடு போய் வந்ததை நான் பார்த்தேன். "இந்த ஒரு வருஷம் மட்டும் சார். அடுத்த வருஷம் சுற்றறிக்கை இருக்கோ இல்லையோ," என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்த ஒரு கையை விட்டுவிட யாருக்குத்தான் மனசு வரும்?

அதனால் செவ்வாய்க்கிழமை ஐந்தாம் பீரியட் மட்டும் லில்லிபுஷ்பம் ஆபீஸ் அறையில் போய் உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. போகிற வழியில் ஹால் வாசலில் ஒரு நிமிடம் நின்று, தரையில் இருக்கிற நீலச் சிவப்புத் தடங்களைப் பார்த்துவிட்டுப் போவாள். அவளிடம் யாரும் பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் நாங்கள் யாரும் பேசவில்லை. பேசிப் பழகிவிட்டால் பிறகு எங்களுக்கே கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தோமோ என்னவோ.

ஒருநாள் நான் தவமணியிடமே கேட்டேன். "நீ என்னடி நெனைக்கிற அவளைப் பத்தி?"

அவள் கைக்குட்டையை மறுபக்கம் மடித்தாள். "எனக்கும் பாவமாத்தான் இருக்கு வசு. ஆனா அவளை உள்ள விட்டா, அவளும் என் சட்டைக் கையத்தான் பிடிப்பா. இவரும் போயிடுவார். எனக்கு ஒண்ணுமே இருக்காது."

"நான் பிடிச்சுக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மூன்று விரற்கடை தூரத்தில்தான் இருந்தது அந்தக் கை.

ஜனவரியில் ஆண்டு விழா. மாலை ஐந்து மணிக்கே ஹால் நிறைந்துவிட்டது. மூன்று பக்கமும் நாற்காலி, நாலாவது பக்கம் சுவரோரப் பெஞ்சு, நடுவில் தரையைத் துடைத்து நீலமும் சிவப்பும் புதிதாக வரைந்திருந்தார்கள். காலனியே வந்திருந்தது. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களைக்கூட வரவழைத்திருந்தார்கள். தவமணிக்கு அவளுடைய அம்மா கடன் வாங்காத குறையாக ஒரு பட்டுப் பாவாடை தைத்திருந்தாள். பாயிண்ட்ஸ்மேனும் குடும்பத்தோடு வந்திருந்தார், யார் வேண்டாமென்று சொல்ல முடியும்? பெரியவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. லில்லிபுஷ்பத்துக்கு இடமில்லை. அவள் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சோடாப் பாட்டில் பெட்டிகளுக்குப் பக்கத்தில், காலியாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை, அவள் பெயர்தான் பதிவேட்டில் இல்லையே.

முதல் பாட்டுக்குப் பையன்கள் ஜைவ் ஆடினார்கள். இரண்டாவது பாட்டு எங்கள் வால்ட்ஸ். எட்டு ஜோடி, நடுவில் தவமணியும் கிளாரன்ஸும். ஜனங்கள் எங்களைப் பார்க்கவே இல்லை, எல்லாக் கண்ணும் அவளுடைய பட்டுப் பாவாடை சுழல்வதிலும், இல்லாத ஒரு தோளில் சாய்ந்தும் சாயாமலும் இருந்த அவள் இடது கையிலும்தான். முன்வரிசையில் ஹேசல் ஆன்ட்டி கட்டைவிரலால் தன் மடியைத் தானே இரண்டிரண்டு தடவை அமுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டு பாதி போயிருக்கும். தவமணியின் பின்னல் காற்றிலிருந்து முதுகில் விழுந்தது.

அவள் கை நீட்டியபடியே நின்றது, அதில் ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தரை கிரீச்சிட்டது, ஆனால் அவள் நின்ற இடத்திலிருந்து அல்ல. ஒரு கனமான ஆள் நிதானமாக நடந்து போகிற கிரீச், எங்கள் ஜோடிகளுக்கு நடுவே வழி விலகிப் போய், சுவரோரம் பெஞ்சுக்கு முன்னால் நின்றது. லில்லிபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை மடியிலிருந்து எழுந்தது. துணிப் பை கீழே விழுந்தது.

அவர் பதிவேடு பார்க்கிறவர் இல்லை. அவர் பெஞ்சைத்தான் பார்ப்பார், அவருடைய டூட்டி அது. எங்களில் எவருக்கும் அது தோன்றாமல் போனதுதான் அதிசயம். ஹேசல் ஆன்ட்டிதான் முதலில் புரிந்துகொண்டார். "ஓ காட், நாமதானே அவளை அங்க உக்கார வெச்சோம்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டார், கேசட்டின் கிளாரினெட்டுக்கு மேலே அது எல்லோருக்கும் கேட்டது.

லில்லிபுஷ்பம் ஆடத் தெரியாமல் தடுமாறித் தடுமாறிச் சுழன்றாள், பயமும் சிரிப்புமாக. தவமணி நடுவில் தனியாக நின்றாள். பட்டுப் பாவாடை அசையவில்லை. இத்தனை பேர் பார்க்க, அவள் இத்தனை மாதம் எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. நான் அவளிடமிருந்து நான்கு தடம் தள்ளி இருந்தேன். போ, போ என்று மனசு அடித்துக்கொண்டது, கால் மட்டும் நீலம், சிவப்பு, சேர் என்று ஹெலனோடு போய்க்கொண்டே இருந்தது. வரிசை கலைந்தால் டீச்சர் திட்டுவார் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

தவமணி கையைக் கீழே போட்டாள். அழப்போகிறாள், ஓடப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் நடந்து போய் லில்லிபுஷ்பத்தின் எதிரே நின்றாள். பாவாடையில் இரண்டு கையையும் துடைத்தாள், அது துடைத்துத் தீருகிற ஈரமில்லை, அவளுக்கே தெரியும். இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டிராத பெண் அவள்.

"என்கூட ஆடறியா? என் கை வேர்க்கும். பரவால்லயா?"

லில்லிபுஷ்பம் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்தாள். "எனக்கு ஒரு ஸ்டெப்பும் தெரியாதுல்லா. ஒனக்குப் பரவால்லன்னா எனக்கும் பரவால்ல," என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையை, சட்டைக் கையை அல்ல, உள்ளங்கையை உள்ளங்கையோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். தவமணியின் முகம் அப்போது போன போக்கை எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு தரை அவர்கள் இருவருடைய கனத்துக்கு மட்டும்தான் சத்தம் போட்டது. பெஞ்சில் யாரும் இல்லை. இரண்டு பேரும் படுமோசமாக ஆடினார்கள், சிவப்பில் இடது காலை வைத்தார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கிளாரன்ஸைத் தேடி யாரும் எழுந்திருக்கவில்லை. ஹேசல் ஆன்ட்டி மூக்கைச் சிந்திக்கொண்டே கை தட்டினார். சபாபதி சார் டீச்சர் பக்கம் குனிந்து, "நாளைக்கு அந்தப் பொண்ணு பேரைப் பேனாலயே எழுதிடுங்க," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

பாட்டு முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் நான் ஹெலனின் கையை விட்டுவிட்டு ஓடினேன். மூன்று வருடமும் ஏழு மாதமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் என் கையை நீட்டி, "அடுத்த பாட்டு என்கூட ஆடறியா தவமணி?" என்றேன்.

அவள் கோபமாக இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். "இருடி வசு, இவளுக்கு இன்னும் டர்ன் வரல," என்று சொல்லிவிட்டு, லில்லிபுஷ்பத்தின் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை அமுக்கித் திருப்பிக் காட்டினாள்.

ஹெலன் அதற்குள் வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்காவோடு போயிருந்தாள். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.